புதிய நர்ஸைத் தனியே விடலாமா?

இரவு ஒன்பது மணிக்கு மேல் பழங்காநத்தத்தில் ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால் அவருடைய வீட்டார் என்ன செய்வார்கள்? கையில் பணமுள்ளவர் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரியின் கதவைத் தட்டுவார். மற்றவர்கள் 108க்குச் சொல்லிவிட்டு வாசலில் காத்திருப்பார்கள். வண்டி வந்ததும் நகரத்தின் தென்கோடியிலிருந்து புறப்பட்டு, ஊரைக் குறுக்கே கடந்து, வைகையையும் தாண்டி, பனகல் சாலையிலுள்ள ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த வண்டியில் நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் டாக்டர் அல்ல. பயிற்சி பெற்ற ஓர் இளைஞர் அல்லது இளம்பெண். பழங்காநத்தம் ரவுண்டானாவை விட்டு, திருப்பரங்குன்றத்தையும் கடந்து, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போனால் அங்கே துணை சுகாதார நிலையத்தில் முதலில் எதிர்ப்படுகிறவரும் டாக்டர் அல்ல, ஒரு நர்ஸ். ஆபத்து வந்த நேரத்தில் ஏழை ஜனங்கள் முதலில் காணும் முகம் இன்று பெரும்பாலும் டாக்டரின் முகம் அல்ல என்பதை நாம் ஒப்புக்கொண்டாக வேண்டும். அப்படியானால் அந்த முகத்துக்கு உரியவரை நாம் எவ்விதம் தயார் செய்திருக்கிறோம் என்ற கேள்வி எழுகிறது. அதைப் பற்றியே இன்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூறவரவில்லை. 108 ஆம்புலன்ஸ் சேவை தமிழ்நாட்டில் 2008ல் துவங்கியது. சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைச் சர்க்கார் செலவிலேயே அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது. வீடு தேடிச் சென்று மருந்து கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' அதே வருஷம் ஆகஸ்டில் துவக்கப்பட்டது. அந்த ஆண்டின் முடிவில், துணை சுகாதார நிலையங்களுக்கென்று 4,848 இடைநிலை சுகாதாரப் பணியாளர்கள் தேவை என்று விளம்பரம் வெளியாயிற்று. நர்ஸ் படிப்பு முடித்தவர்களுக்கான வேலை அது. மாதச் சம்பளம் ரூ.14,000, அதுவும் தாற்காலிகம். பின்னர் 2023 ஜூனில் 'இதயம் காப்போம்' திட்டம் வந்தது. மாரடைப்பு என்று சந்தேகிக்கத்தக்க நெஞ்சுவலியோடு வருகிறவருக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புமுன் அந்த இடத்திலேயே கொடுப்பதற்காக 14 மாத்திரைகள் வைக்கப்பட்டன. ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டார்வாஸ்டாடின் 8. இவை 2,286 ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டுமல்ல, 8,713 துணை சுகாதார நிலையங்களிலும் வைக்கப்பட்டன.

இது நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் மாத்திரையை அலமாரியில் வைப்பது ஒன்று. அதை எடுத்துக் கொடுக்கும் கையைத் தயார் செய்வது வேறொன்று. நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு வரும்போது நெஞ்சு வலிக்காமலே இருக்கலாம். வயிறு எரிகிறது, வியர்க்கிறது, தாடை இழுக்கிறது, ஏதோ மாதிரி இருக்கிறது என்று மட்டும் சொல்வார். பெண்களில் பலரும் அப்படியே சொல்கிறார்கள். "வாயுவாக இருக்கும், சோடா குடியுங்கள்" என்று அனுப்பிவிட்டால் அவர் திரும்பி வராமலே போகலாம். மறுபுறம், குடற்புண்ணிலிருந்து இரத்தம் கசிந்துகொண்டிருப்பவர் அதே வயிற்றெரிச்சலோடு வந்து உட்காரும்போது ஆஸ்பிரினைக் கொடுத்துவிட்டால் அதுவும் ஆபத்து. இந்த இரண்டு பேரையும் வேறு பிரித்து அறிய வேண்டியவர் யார்? சென்ற வருஷம் வரையில் ஏதோ ஒரு வார்டில் தலைமை நர்ஸின் சொற்படி ஊசி போட்டுக்கொண்டிருந்த இருபத்திரண்டு வயதுப் பெண்.

வார்டுக்கும் முன்வாசலுக்கும் உள்ள வித்தியாசத்தை நமது அதிகாரிகள் போதுமான அளவு சிந்தித்ததாகத் தெரியவில்லை. வார்டில் படுத்திருக்கும் நோயாளிக்கு வியாதியின் பெயர் தலைமாட்டிலேயே எழுதியிருக்கும். டாக்டர் பார்த்து, சோதித்து, முடிவு கட்டி, இன்ன மருந்து இன்ன வேளை என்று குறித்த பிறகே நர்ஸின் வேலை துவங்குகிறது. முன்வாசலுக்கு வருகிறவன் வியாதியின் பெயரோடு வருவதில்லை. முறையீட்டோடு மட்டுமே வருகிறான். தலை சுற்றுகிறது என்பான். குழந்தை பால் குடிக்கவில்லை என்பாள். பத்துப் பேர் ஜுரம் என்று வந்தால் எட்டுப் பேருக்குக் கஞ்சியும் ஓய்வுமே போதும். ஒருவனை நாளைக்குத் திரும்பி வரச் சொல்ல வேண்டும். ஒருவனை இந்த நிமிஷமே வண்டியில் ஏற்ற வேண்டும். அந்த ஒருவனைக் கண்டுபிடிப்பதே அவசர சிகிச்சையின் உயிர்நிலை. மருந்து கொடுப்பதெல்லாம் அதற்குப் பிற்பாடு.

டெங்கு ஜுரத்தையே எடுத்துக்கொள்வோம். ஜுரம் தணிந்துவிட்டால் நோய் தீர்ந்தது என்றே எவரும் நினைப்பார். டெங்குவிலோ ஜுரம் தணியும் நாளில்தான் ஆபத்துத் துவங்கலாம். மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில் உடம்பு சில்லிட்டு, வயிறு வலித்து, ஓயாமல் வாந்தியெடுத்து, பல் ஈறில் இரத்தம் கசிந்தால் அது குணமடைகிற லக்ஷணம் அல்ல. புஸ்தகத்தில் இதைப் படித்துத் தேறிய நர்ஸும், தாயார் மலர்ந்த முகத்தோடு வந்து "இன்றைக்குச் சுடவில்லை அம்மா" என்று சொல்லும்போது ஏமாந்து போவாள். ஒருமுறை மூத்தவர் ஒருவர் பக்கத்தில் நின்று, "குழந்தையின் கையைத் தொட்டுப் பார்" என்று சொல்லியிருந்தால் ஆயுள் முழுதும் ஏமாற மாட்டாள்.

கட்டுவிரியன் கடித்தவன் கதை இன்னும் விசித்திரமானது. தரையில் படுத்துத் தூங்கும் ஏழைகளையே அது இரவில் அதிகம் கடிக்கிறது. கடிவாய் கண்ணுக்கே தெரியாது; வீக்கம் இராது; வலியும் சொற்பம். விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுந்திருக்கிறான், வாந்தி எடுக்கிறான். பாம்பைப் பற்றி அவனும் நினைப்பதில்லை, வீட்டாரும் நினைப்பதில்லை. கண் இமைகள் தாமாகத் தாழ்வதையும், எச்சிலை விழுங்க முடியாமல் அவன் திணறுவதையும் பார்த்து, "ராத்திரி எங்கே படுத்திருந்தீர்கள்?" என்று கேட்கத் தெரிந்தவளே அவனைக் காப்பாற்றுவாள். கேட்கத் தெரியாதவள் வயிற்றுவலி மாத்திரை கொடுப்பாள். சற்று நேரத்தில் மூச்சு நின்றுபோகும். சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தத்தை எடுத்து இருபது நிமிஷம் அசைக்காமல் வைத்து, அது உறைகிறதா என்று பார்க்கும் சோதனை நமது ஆஸ்பத்திரிகளில் வழக்கத்தில் இருக்கிறது. கண்ணாடி விரியனுக்கும் சுருட்டை விரியனுக்கும் அது கைகண்ட சோதனை. கட்டுவிரியனிடம் அது செல்லாது! இரத்தம் நன்றாகவே உறையும்; நோயாளி இறந்துபோவான். சோதனையைச் செய்யக் கற்றுக்கொள்வதோடு, அது எங்கே பொய்க்கும் என்பதையும் கற்க வேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது பாடத்தை வகுப்பறை சுலபமாகச் சொல்லிக் கொடுத்துவிடாது.

தேள் கடியைப் பற்றியும் ஒரு வார்த்தை. மகாராஷ்டிரத்தில் மஹாட் என்ற சிற்றூரிலிருந்து வேலை செய்த டாக்டர் பவாஸ்கர், செந்தேள் கடித்தவர்களுக்குப் பிரஸோஸின் என்ற மலிவான மாத்திரை உயிர் கொடுக்கும் என்பதை 1980களில் கண்டு சொன்னார். பெரிய நகரங்களின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அது கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளிகள் வந்து விழுந்துகொண்டிருந்த முன்வாசலில் கண்டுபிடிக்கப்பட்டது. முன்வாசலை அற்பமாக நினைப்பவர்கள் இதை யோசித்துப் பார்க்கட்டும்.

டாக்டர் அல்லாதவர், அல்லது முழுப் படிப்புப் படிக்காதவர் வைத்தியம் பார்ப்பது நமது நாட்டுக்குப் புதிதுமல்ல. எல்.எம்.பி. டாக்டர்களைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னை ராஜதானியின் கிராமாந்தரங்களில் வைத்தியம் என்று இருந்ததெல்லாம் பெரும்பாலும் அவர்களால் நடந்தது. பனகல் அரசர் முதல் மந்திரியாக இருந்த காலத்தில், 1924ல், கிராமங்களில் குடியேறி வைத்தியம் செய்கிறவர்களுக்கு உபகாரச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு துவங்கியது. அவருடைய பெயரைத் தாங்கிய சாலையிலேயே இன்று மதுரையின் பெரிய ஆஸ்பத்திரி நிற்கிறது என்பது ஒரு பொருத்தம். 1946ல் போர் கமிட்டி அறிக்கை வெளிவந்தபோது நாட்டில் பதிவு பெற்ற டாக்டர்கள் 47,524 பேர். அவர்களில் 29,870 பேர் பட்டம் பெறாத லைசென்ஸியேட்டுகள். இனி ஒரே ரகமான டாக்டர் போதும், லைசென்ஸியேட் படிப்பை எடுத்துவிடலாம் என்று அந்தக் கமிட்டி கூறிற்று. உறுப்பினர்களில் சிலர் இதற்கு இணங்காமல் மாற்று அபிப்பிராயம் எழுதி வைத்தார்கள். பெரும்பான்மையே வென்றது; படிப்பும் மறைந்தது. ஆனால் பட்டம் பெற்ற டாக்டர்கள் கிராமங்களுக்குப் போகவில்லை. முன்வாசலால் வெளியேற்றப்பட்ட அந்த யோசனை பல பத்தாண்டுகள் கழித்துக் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்திருக்கிறது. சத்தீஸ்கரில் 2001ல் மூன்று வருஷப் படிப்பாக வந்தது. அஸ்ஸாமில் 2004ல் சட்டமாக வந்தது. சத்தீஸ்கர் படிப்பு சில வருஷங்களில் நிறுத்தப்பட்டது. அஸ்ஸாம் சட்டம் செல்லாது என்று 2023ல் சுப்ரீம் கோர்ட்டும் கூறிவிட்டது. ஆயினும் சத்தீஸ்கரில் அப்படிப் படித்து வேலைக்கு வந்தவர்களை 2010ல் பரீக்ஷித்துப் பார்த்தபோது, சாதாரண நோய்களைக் கவனிக்கும் திறமையில் எம்.பி.பி.எஸ். டாக்டர்களுக்கு அவர்கள் ஏறக்குறையச் சமமாகவே இருந்தார்கள்.

சென்னையில் டாக்டர் கே. எம். செரியன் 1992ல் இருதய சிகிச்சைக்காகப் பிஸிஷியன் அஸிஸ்டெண்டு என்ற புதிய வகுப்பை மதராஸ் மெடிக்கல் மிஷனில் துவக்கினார். இந்தியாவில் அதுவே முதல். இன்று எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ்ப் பல கல்லூரிகளில் மூன்று வருஷப் படிப்பும் ஒரு வருஷப் பயிற்சியுமாக அது நடக்கிறது. 2021ல் பார்லிமெண்டு இயற்றிய சட்டமும் இந்தத் தொழிலைப் பெயர் சொல்லி அங்கீகரித்திருக்கிறது. நர்ஸுகளுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கென்று இரண்டு வருஷ முதுநிலைப் படிப்பு ஒன்றை இந்திய நர்ஸிங் கவுன்ஸில் வகுத்திருக்கிறது. ஆக, ஆட்கள் உண்டாகிவிட்டார்கள். இருதய ஆபரேஷன் அறையில் தேர்ந்த அஸிஸ்டெண்டு ஒருவர் நாளைக்கு ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் இரவுப் பாராவுக்கு நிறுத்தப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலிலிருந்து இரத்தக் குழாயை நேர்த்தியாக எடுத்துக் கொடுக்க அவருக்குத் தெரியும். கண் குழிந்து, தோலைக் கிள்ளினால் மிக மெதுவாகவே இறங்கும் பேதிக் குழந்தையைப் பார்த்து, 'இதற்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் போதாது, நரம்பில் ஏற்ற வேண்டும்' என்று சொல்ல அவருக்கு யார் கற்றுக் கொடுத்தார்கள்?

அமெரிக்காவில் இந்த இரண்டு தொழில்களும் 1965ல் பிறந்தன. ட்யூக் சர்வகலாசாலையில் டாக்டர் ஸ்டெட், கடற்படையில் வைத்திய வேலை பார்த்துத் திரும்பியவர்களைச் சேர்த்து அஸிஸ்டெண்டு வகுப்பை ஆரம்பித்தார். கொலராடோவில் லொரெட்டா ஃபோர்டு என்ற நர்ஸ் அம்மையாரும் டாக்டர் ஸில்வரும் மற்றொன்றை ஆரம்பித்தார்கள். ஸ்டெட்டின் முதல் மாணவர்கள் கன்னி அனுபவக்காரர்கள் அல்லர். நோயாளிகளைப் பார்த்துப் பழகிய பின்னரே வகுப்புக்கு வந்தவர்கள். இதை மறந்து, பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்தவர்களைக் கொண்டு அதே காரியத்தைச் செய்ய முனைந்த பிறகு, படிப்பு முடித்ததும் ஒரு வருஷம் மேற்பார்வையில் வேலை செய்யும் ஏற்பாடுகள் அந்த நாட்டு ஆஸ்பத்திரிகள் பலவற்றில் வர வேண்டியதாயிற்று.

இங்கிலாந்தின் அனுபவம் இன்னும் கசப்பானது. 'டாக்டர் என்று நினைத்தோம், அவர் டாக்டர் அல்லவாமே' என்ற கூச்சல் அங்கே பலத்து, சர்க்கார் பேராசிரியை கில்லியன் லெங் என்பவரைக் கொண்டு விசாரணை நடத்தியது. 2025 ஜூலையில் வெளிவந்த அவருடைய அறிக்கை நமது அதிகாரிகள் படிக்க வேண்டியதொன்று. இந்தத் தொழிலையே ஒழித்துவிடும்படி அவர் கூறவில்லை. இவர்கள் உதவியாளர்கள் என்பது பெயரிலேயே தெரிய வேண்டும், உடையிலும் வித்தியாசம் தெரிய வேண்டும் என்றார். தெளிவாக வகுத்த விதிமுறைகளுக்கு உட்பட்டாலன்றி, வியாதி இன்னதென்று நிச்சயமாகாத நோயாளியை இவர்கள் தனியே பார்க்கலாகாது என்றார். ஒவ்வொருவருக்கும் பெயர் குறிப்பிட்ட ஒரு டாக்டர் பொறுப்பாளராக இருக்க வேண்டும் என்றார். புதிதாகத் தேறியவர்கள் குறைந்தது இரண்டு வருஷம் பெரிய ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்த பின்னரே குடும்ப வைத்திய நிலையங்களுக்குப் போகலாம் என்றும் சொன்னார். அடுத்த தெருவிலேயே டாக்டர் இருக்கும் நாட்டில் இவ்வளவு எச்சரிக்கை! டாக்டர் பல மைல் தூரத்திலிருக்கும் நமது கிராமத்தில் நாம் நேற்றுத் தேறியவளை இன்று தனியே நிறுத்துகிறோம்.

டாக்டர்கள் சங்கத்தின் ஆட்சேபத்தையும் நாம் அறியாமலில்லை. 2019ல் நேஷனல் மெடிக்கல் கமிஷன் மசோதா வந்தபோது அதன் 32வது பிரிவை எதிர்த்து நாடெங்கும் டாக்டர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த படிப்புள்ளவர்களுக்கு வைத்தியம் பார்க்க லைசென்ஸ் கொடுப்பது போலி வைத்தியத்துக்குச் சர்க்கார் முத்திரை குத்துவதாகும் என்பது அவர்கள் வாதம். ஏழைக்கு அரை டாக்டர், பணக்காரனுக்கு முழு டாக்டர் என்ற பேதத்தை அது நிலைநிறுத்திவிடும் என்றும் சொன்னார்கள். இந்த இரண்டாவது வாதத்தில் நியாயம் உண்டு. அதை நாம் லேசாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் இரவில் திறந்திருக்கும் நிலையத்துக்கு வரச் சம்மதிக்கும் டாக்டர்கள் போதிய தொகையில் கிடைக்கும் வரையில் அந்தக் கிராமத்தான் என்ன செய்வது? டாக்டர்கள் தாங்களும் போகாமல், போகிறவர்களுக்குக் கற்றுக் கொடுக்கவும் மாட்டோம் என்பது தர்மமாகாது. நர்ஸ் தவறு செய்வாள் என்று பயப்படுகிற டாக்டர், அவளுடைய முதல் ஆறு மாதத்தில் பக்கத்தில் நின்றால் அந்தப் பயத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கற்றுக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டாம். மதுரையிலேயே இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976ல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் துவக்கினார். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களிலிருந்து பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு வருஷம் சம்பளத்தோடு பயிற்சி கொடுப்பது அந்த ஸ்தாபனத்தின் முறை. முதலில் எல்லோருக்கும் பொதுவான அடிப்படை. பிறகு ஒவ்வொருத்திக்கும் ஒரு பிரிவு. அதில் மூத்த சகோதரிகளின் கண் முன்னே வேலை செய்து செய்து தேர்ச்சி. கண்ணாடிக்குப் பார்வை அளப்பதும், கண்ணின் அழுத்தம் பார்ப்பதும், ஆபரேஷனுக்கு நோயாளியைத் தயார் செய்வதும், மேஜையருகே நின்று உதவுவதும் அவர்களே. டாக்டர், டாக்டரால் மட்டுமே ஆகக்கூடிய வேலையைச் செய்கிறார். உலகத்தின் பல தேசங்களிலிருந்து இதைப் பார்த்துப் படிக்க மதுரைக்கு வருகிறார்கள். அதே ஊரிலிருந்துகொண்டு நாம் பார்த்துப் படிக்காமலிருப்பது விசித்திரமே. கண் வைத்தியத்தில் ஒரே வேலை திரும்பத் திரும்ப வரும், அவசர சிகிச்சையில் அப்படி வராது என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். ஒழுங்காக வரும் வேலைக்கே இரண்டு வருஷம் பக்கத்தில் நிறுத்திப் பழக்குகிறார்கள் என்றால், ஒழுங்கில்லாமல் வரும் வேலைக்கு எவ்வளவு பழக்க வேண்டும்?

ஆகவே நாம் கேட்பது என்ன? துணை சுகாதார நிலையத்துக்கோ, அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ புதிதாக நியமிக்கப்படும் நர்ஸும் அஸிஸ்டெண்டும் முதல் ஆறு மாதத்தைத் தனியே கழிக்கக் கூடாது. தாலூகா ஆஸ்பத்திரியிலோ, ஜில்லா ஆஸ்பத்திரியிலோ காஷுவாலிட்டியில், இரவுப் பாரா உட்பட, மூத்தவர் ஒருவருக்குத் துணையாக நிற்க வேண்டும். நோயாளிகளைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அபாயத்தின் அளவுக்கேற்பப் பிரிக்கும் முறை நமது அரசாங்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவுகளில் ஏற்கனவே வந்திருக்கிறது. புதியவர் முதலில் பிரித்துச் சொல்லட்டும், மூத்தவர் சரிபார்க்கட்டும். நூறு நோயாளிகளைப் பிரித்து, அவற்றில் எங்கே பிழைத்தோம் என்று வாரந்தோறும் உட்கார்ந்து பேசியவருக்கு வருகிற புத்தி, எந்தப் பரீக்ஷைப் பேப்பரிலும் வராது.

இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. தை முதல் நாள் அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு நடக்கும்போது வாடிவாசலுக்குப் பக்கத்திலேயே வைத்தியக் கூடாரம் போடுகிறார்கள். சிராய்ப்பும் வெட்டுக்காயமும் அங்கேயே கட்டப்படுகின்றன; வயிற்றிலோ மார்பிலோ கொம்பு பாய்ந்தவர்கள் ராஜாஜி ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்படுகிறார்கள். யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்பதை அன்று ஒரே பகலில் பலமுறை தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. பழங்காநத்தத்துக்குப் பக்கத்திலேயே வருஷாவருஷம் நடக்கும் இதைவிடச் சிறந்த பள்ளிக்கூடம் எது? வெளியே சிறு துளையாகத் தெரிகிற குத்து உள்ளே எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பதை ஒருநாள் நேரில் பார்த்தவர் பிறகு சின்னக் காயம் என்று எதையும் அலட்சியம் செய்ய மாட்டார். சித்திரைத் திருவிழாவும் அப்படியே. வெயிலில் மயங்கி விழுகிறவர்களில் யாருக்குத் தண்ணீரும் நிழலும் போதும், யாருக்கு உடம்பு கொதித்துப் புத்தி தடுமாறுகிறது என்பதை ஜனக்கூட்டத்தின் நடுவே கற்கலாம்.

இரண்டாவதாக, தனியே அனுப்பிய பிறகும் கைவிடக் கூடாது. ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர் சொல்லத்தக்க ஒரு டாக்டர் பொறுப்பாக இருக்க வேண்டும். அந்த நர்ஸ் கூப்பிட்டால் டெலிபோனை எடுப்பது அவருடைய உத்தியோகக் கடமையாக எழுதப்பட வேண்டும். தயவு தாக்ஷிண்யமாக இருக்கக் கூடாது. 'இ-சஞ்சீவனி' என்ற தொலைவைத்திய ஏற்பாடு இருக்கிறதே என்று அதிகாரிகள் சொல்வார்கள். பழைய சர்க்கரை நோய்க்கு மருந்து மாற்றிக் கேட்க அது நல்ல சாதனம். வரிசையில் காத்திருந்து முகம் தெரியாத டாக்டரிடம் விவரம் சொல்லும் அவகாசம் கட்டுவிரியன் கடித்தவனுக்கு இல்லை. நர்ஸின் குரலைக் கேட்டதும் 'இவள் பயந்துபோயிருக்கிறாள், விஷயம் பெரிது' என்று அறிந்துகொள்ளக்கூடிய, பழகிய டாக்டர் ஒருவர் வேண்டும்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. அது சட்டப் புஸ்தகத்தில் வராதது. மேலிடத்துக்கு அனுப்பப்பட்ட நோயாளிக்கு ஒன்றுமில்லை என்று ஏற்பட்டால், "இதற்காகவா அனுப்பினாய்?" என்று அனுப்பியவளை ஏசுகிற வழக்கம் நமது ஆஸ்பத்திரிகளில் பரவலாக இருக்கிறது. இரண்டு தடவை ஏச்சு வாங்கியவள் மூன்றாவது தடவை அனுப்பத் தயங்குவாள். அந்த மூன்றாவது ஆளே செத்துப்போவான். வீணாக அனுப்பியதற்கு ஒருவரையும் கண்டிக்கக் கூடாது. அனுப்பிய ஒவ்வொருவரும் பிறகு என்ன ஆனார் என்ற தகவல் அனுப்பியவருக்குத் திரும்பி வர வேண்டும். அந்தத் தகவலில்லாமல் அவள் தான் செய்தது சரியா, தப்பா என்று அறியாமலே வருஷங்களைக் கழிப்பாள். வைத்தியத்தில் அனுபவம் என்பதே அந்தத் தகவல்தான்.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உயிரை ஒப்படைக்கும் உத்தியோகத்துக்கு ரூ.14,000 என்று 2021ல் விளம்பரம் செய்தது நமது ராஜ்யத்துக்குக் கீர்த்தியல்ல. தாற்காலிகமாக அமர்த்தப்பட்ட பெண், பழகித் தேறிய சமயத்தில் வேறு வேலை கிடைத்துப் போய்விடுவாள். அவளுக்குக் கொடுத்த பயிற்சியும் அவளோடு போகும். பயிற்சிக்குச் செலவிடுகிறவர்கள் பயிற்சி பெற்றவரைத் தங்க வைப்பதற்கும் செலவிட வேண்டும்.

மதுரை மாநகராட்சிக்கும் இதில் பங்குண்டு. 2023 ஜூனில் நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் 500 ஒரே நாளில் திறக்கப்பட்டபோது, காலை எட்டு முதல் பன்னிரண்டு, மாலை நான்கு முதல் எட்டு என்று நேரம் வகுக்கப்பட்டது. கூலி வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் வர முடியும் என்பதால் அது நல்ல ஏற்பாடே. ஆனால் இரவு எட்டு மணிக்குக் கதவு சாத்தப்படுகிறது. தெற்கு மதுரைக்கென்று, பழங்காநத்தத்தை ஒட்டி, ஒரு நிலையத்தையாவது இரவு முழுதும் திறந்து வைக்கலாம். ராஜாஜி ஆஸ்பத்திரியின் மூத்த நர்ஸுகளில் முறைவைத்து ஒருவரும், புதிதாகத் தேறியவர்கள் இருவரும், டெலிபோனில் கிடைக்கும் டாக்டர் ஒருவரும் இருந்தால் போதும். காயத்துக்குத் தையல் போடவும், இழுப்புக்காரனுக்குப் புகைமருந்து கொடுக்கவும், மாரடைப்புக்காரனுக்கு அந்தப் பதினான்கு மாத்திரைகளைக் கொடுத்து வண்டி ஏற்றவும் அவர்களால் முடியும். பெரிய ஆஸ்பத்திரியின் வாசலில் இரவு நேரத்தில் சேரும் கூட்டத்திலும் ஒரு பகுதி குறையும். மாநகராட்சியின் சுகாதாரக் கமிட்டி இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். தெற்குப் பகுதி வார்டு அங்கத்தினர்கள் கேட்டால் எடுத்துக்கொள்ளாமலிருக்க முடியாது. முதல் வருஷத்துக்கு இரவுப் படியையும் ஒரு டெலிபோன் செலவையும் தவிரப் புதிதாக ஆகும் செலவு அதிகம் இராது.